ரேடியோ பழுதா, சூரியன் வேலையா? சிற்றலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

2024 மே 10, வெள்ளிக்கிழமை, நல்ல கத்திரி வெயில். பாளையங்கோட்டையில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து 16 மீட்டரில் (17 மெகாஹெர்ட்ஸ் பக்கம்; மீட்டர் கூடினால் மெகாஹெர்ட்ஸ் குறையும்) ஒரு வெளிநாட்டு நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டரை மணி வாக்கில் குரல் அமுங்கத் தொடங்கி, இரண்டு மூன்று நிமிடத்தில் அடியோடு போய்விட்டது. குமிழைத் திருகிப் பார்த்தால் 19 மீட்டரும் காலி, 25 மீட்டரும் காலி. ஏரியல்தான் அறுந்துவிட்டது என்று முடிவு கட்டி மொட்டை மாடிக்கு ஏறி, கால் சுடச் சுட நின்று, கம்பியை இறக்கி, இணைப்பை வெட்டிப் புதிதாக ஈயம் வைத்து மறுபடி கட்டினேன். கீழே வந்து போட்டால் கொஞ்சம் கொஞ்சமாக நிலையங்கள் திரும்பி வந்தன. பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலையில் மறுபடியும் பழைய கதை. இந்த முறை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு ரேடியோ மெக்கானிக்கிடம் போனேன். அவர் திறந்து பார்த்துவிட்டு "ஐசி வீக் சார்" என்று எதையோ மாற்றி 750 ரூபாய் வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமை நன்றாகவே பாடியது.

ஏரியலுக்கும் ஒன்றுமில்லை, ஐசிக்கும் ஒன்றுமில்லை என்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த வெள்ளிக்கிழமை நம் நேரம் 12:24-க்குச் சூரியனில் எக்ஸ்3.9 அளவு சுடர் ஒன்று வெடித்திருக்கிறது. சனிக்கிழமை காலை 6:53-க்கு எக்ஸ்5.8 இன்னொன்று. இவை போதாதென்று வெள்ளி இரவே பூமியைத் தொட்ட காந்தப் புயல், ஜி5 என்ற உச்ச அளவுக்குப் போயிருக்கிறது. என் ஈயம் உருகியதற்கும் நிலையம் திரும்பி வந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நீங்களும் இப்படி மாடிப்படி ஏற வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். வரிசையை மாற்றினால் சூரியனைத் தேவையில்லாமல் திட்டுவீர்கள், அல்லது என்னைப் போல ரேடியோவைத் திறப்பீர்கள்.

1. முதலில் வீட்டைச் சந்தேகப்படுங்கள்

உண்மையைச் சொன்னால் புதியவர்கள் "ஒன்றும் கேட்கவில்லை" என்று சொல்லும்போது பாதிக்கு மேல் காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எல்ஈடி பல்பு, மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர், எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், மாடியில் சோலார் பேனல் இருந்தால் அதன் இன்வெர்ட்டர், எல்லாமே சிற்றலையில் "ஙொய்" என்று இரையும். அந்த இரைச்சலுக்கு அடியில் நிலையம் இருக்கும், உங்களுக்குக் கேட்காது.

சோதனை சுலபம். ரேடியோவைப் பேட்டரியில் ஓட விடுங்கள், வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டரையும் தனியாக அணைக்க வேண்டும், அதை மறந்துவிட்டுத்தான் நான் முதல் முறை ஏமாந்தேன். இரைச்சல் சட்டென்று விழுந்தால் சூரியனை விட்டுவிட்டு ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக் குற்றவாளியைத் தேடுங்கள். எங்கள் வீட்டில் பூஜை அறையில் எரியும் 40 ரூபாய் எல்ஈடி விளக்கு அது.

இரைச்சலையும் மௌனத்தையும் பிரித்துப் பார்க்கப் பழகுவது முக்கியம். வீட்டுக் கோளாறில் இரைச்சல் கூடும். சூரியச் சுடரில் இரைச்சலும் சேர்ந்து குறையும், பெட்டியே செத்துப்போனது போல ஒரு வெறுமை இருக்கும். தொலைவிலிருந்து வானத்தில் மோதி வரும் இடி மின்னல் ஓசைகள்கூட உறிஞ்சப்பட்டுவிடுவதால் அப்படி. அன்று மாடி ஏறும் முன் அந்த வெறுமையைக் கவனித்திருந்தால் போதும், எனக்கு 750 ரூபாய் மிச்சம்.

அடுத்து, பக்கத்து ஊர்க் காதால் கேளுங்கள். இணையத்தில் கிவி எஸ்டிஆர் என்ற பெயரில் உலகம் முழுக்க ஆர்வலர்கள் தங்கள் ரேடியோவைப் பொதுவில் திறந்து வைத்திருக்கிறார்கள், நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகமும் ஒன்று வைத்திருக்கிறது. கட்டணம் கிடையாது. இதில் ட்வென்டேவைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள், அங்கே பகல் வேறு, இரவு வேறு. தெற்காசியா, தென்கிழக்கு ஆசியா பக்கம் இருக்கும் ஒன்றைத் திறந்து அதே அலைவரிசையைப் போடுங்கள். அங்கேயும் காலி என்றால் வானம். அங்கே கேட்டு உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் உங்கள் வீடு.

2. கடிகாரத்தை மாற்றுங்கள்

சிற்றலை உலகத்தில் எல்லாமே யுடிசி என்ற உலகப் பொது நேரம். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்க வேண்டும். அந்த அரை மணிதான் எல்லாரையும் கவிழ்க்கிறது. 06:54 யுடிசி என்றால் நமக்குப் பகல் 12:24. ஒரு பழைய சுவர்க் கடிகாரத்தை யுடிசிக்கு வைத்து ரேடியோ பக்கத்தில் மாட்டிவிடுங்கள், மனக்கணக்கு வேண்டாம்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், சுடர் எவ்வளவு பெரியது என்பதைவிட அது எப்போது வெடித்தது என்பதுதான் நமக்கு முக்கியம். அதே மே மாதம் 14-ஆம் தேதி எக்ஸ்8.7 வெடித்தது, முதலில் சொன்னதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் அது 16:51 யுடிசி, நமக்கு இரவு 10:21. பூமியின் மறுபக்கம் அடி வாங்கியது, நம் பக்கம் சிற்றலை பாட்டுக்கு ஓடியது. 2025 நவம்பர் 11-இல் வந்த எக்ஸ்5.1 அதைவிடச் சிறியது, ஆனால் நம் நேரம் பிற்பகல் 3:34. அன்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நன்றாகவே உறைத்திருக்கும்.

இன்னொரு கண்ணி: நிலையங்களின் அட்டவணை ஆண்டுக்கு இரண்டு முறை மாறும், மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். அந்த வாரத்தில் உங்கள் நிலையம் காணாமல் போனால் அது சூரியனும் இல்லை, ஏரியலும் இல்லை. புது அட்டவணையைப் பாருங்கள்.

3. மூன்றே மூன்று எண்கள்

அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவாவுக்குக் கீழ் விண்வெளி வானிலை முன்னறிவிப்பு மையம் இருக்கிறது. அதன் தளம் முழுக்க இலவசம், பதிவு செய்யக்கூட வேண்டாம். மூன்று நாள் முன்னறிவிப்பு தினமும் 00:30, 12:30 யுடிசிக்கு வரும், அதாவது நமக்குக் காலை 6 மணி, மாலை 6 மணி. பால் காய்ச்சும் நேரத்தில் ஒரு தடவை, விளக்கேற்றும் நேரத்தில் ஒரு தடவை பார்த்தால் போதும். இதற்கெனக் காசு கேட்கும் செயலிகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இதே இலவசத் தகவலை எடுத்து வண்ணம் பூசித் தருபவை.

அந்தத் தளத்தில் இருக்கும் முப்பது படங்களையும் பார்த்து மிரள வேண்டாம். பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது சோலார் ஃபிளக்ஸ், அதாவது சூரியனிலிருந்து வரும் ரேடியோ அலையின் வலிமை. கனடாவின் பென்டிக்டன் என்ற இடத்தில் தினமும் அளக்கிறார்கள். சூரியன் மந்தமாக இருந்த 2019-இல் இது 70-ஐ ஒட்டியே கிடந்தது, 2024-இல் 200-ஐ அடிக்கடி தாண்டியது. எண் கூடினால், சிற்றலையைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலத்தில் உயரே இருக்கும் எஃப் அடுக்கு தடித்து, உயர்ந்த அலைவரிசைகளையும் பூமிக்குத் திருப்பி அனுப்பும். ஆனால் இன்று 140, நாளை 150 என்பதைப் பார்த்துத் துள்ளாதீர்கள். ஒரு வாரப் போக்கைத்தான் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் 150-க்கு மேல் சில நாள் நிலையாக நின்றால் 13 மீட்டரும் ஹாம்களின் (உரிமம் பெற்றுப் பேசும் ரேடியோ ஆர்வலர்களின்) 10 மீட்டரும் பகலில் களை கட்டும்.

இரண்டாவது எக்ஸ்-ரே வரைபடம். கோஸ் என்ற செயற்கைக்கோள்கள் நிமிடத்துக்கு நிமிடம் அளப்பது. ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று ஐந்து படி, ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் பத்து மடங்கு. சி வரைக்கும் கண்டுகொள்ளவே வேண்டாம். எம்1 வந்தால் ஆர்1, எம்5 என்றால் ஆர்2, எக்ஸ்1 என்றால் ஆர்3, எக்ஸ்10 என்றால் ஆர்4. இந்த "ஆர்" அளவுதான் ரேடியோ மறைவுக்கான அளவு.

மூன்றாவது கேபி. பூமியின் காந்தப் புலம் எவ்வளவு ஆடுகிறது என்பதை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை 0 முதல் 9 வரை போடுவார்கள். 3 வரை அமைதி, 4 என்றால் கொஞ்சம் சலசலப்பு, 5 வந்தால் ஜி1 புயல், 9 என்றால் ஜி5.

இவற்றோடு "ஏ இண்டெக்ஸ்" என்று ஒன்று வரும், அது கே மதிப்புகளிலிருந்து எடுத்த ஒரு நாள் சராசரி. நேற்று எப்படி இருந்தது என்பதைச் சொல்லும், இப்போதைக்கு உதவாது.

4. சுடர் வந்தால்: மேலே போங்கள், ஒரு மணி நேரம் பொறுங்கள்

சுடரின் எக்ஸ்-கதிர் ஒளி வேகத்தில் எட்டு நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் வந்து சேரும். அதனால் முன்கூட்டி எச்சரிக்கை என்று ஒன்று கிடையாது. வரைபடம் ஏறும்போதே உங்கள் ரேடியோ அமுங்கிக்கொண்டிருக்கும். நடப்பது இதுதான்: அயனி மண்டலத்தின் அடித்தட்டான டி அடுக்கு திடீரென்று தடித்துவிடுகிறது. சிற்றலை மேலே போய்த் திரும்பும்போது இந்த அடுக்கை இரண்டு தடவை கடந்தாக வேண்டும், இரண்டு தடவையும் அது உறிஞ்சிவிடுகிறது. குறைந்த அலைவரிசையை அதிகம் உறிஞ்சும், உயர்ந்ததைக் குறைவாக உறிஞ்சும்.

இங்கேதான் புதியவர்கள் நேர்மாறாகச் செய்வார்கள். 15 மெகாஹெர்ட்ஸில் ஒன்றுமில்லை என்றதும் 9-க்குப் போவார்கள், அங்கேயும் இல்லை என்று 6-க்கு இறங்குவார்கள். கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி. நீங்கள் ஏற வேண்டும்: 17, 21, முடிந்தால் 25. முதலில் உயிர் பெறுவது அந்தப் பக்கம்தான், பிறகுதான் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். எம் அளவுச் சுடர் என்றால் பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து அரை மணிக்குள் சரியாகிவிடும், எக்ஸ் என்றால் ஒரு மணி, நீண்ட சுடராக இருந்தால் இரண்டு மணிகூட ஆகும். நோவா தளத்தில் "டி-ராப்" என்று ஒரு உலகப் படம் இருக்கிறது. எந்தப் பகுதியில் எந்த மெகாஹெர்ட்ஸ் வரை உறிஞ்சப்படுகிறது என்று நிறம் காட்டும். இந்தியா சிவப்பாக இருந்தால் ரேடியோவை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

சூரியன் மறைந்த பிறகு உங்கள் பக்கம் இந்தத் தொல்லை கிடையாது, டி அடுக்கே கலைந்துவிடும். ஆனால் நீங்கள் கேட்கும் நிலையம் இருக்கும் நாட்டில் பகலாக இருந்தால் அந்த முனையில் அடி விழும், அதை மறக்காதீர்கள்.

5. புயல் வந்தால்: கீழே போங்கள், ஓரிரு நாள் பொறுங்கள்

சுடரும் புயலும் ஒன்று என்று நினைத்துக் குழம்பாதவர்களே இல்லை. யூடியூபில் சூரியன் தீப்பிடித்த படத்தைப் போட்டு "இன்று இரவு பூமியைத் தாக்கும்" என்று வருமே, அதில் பாதி இந்தக் குழப்பம்தான். சுடர் என்பது ஒளி. புயலைக் கிளப்புவது சூரியன் உமிழும் பிளாஸ்மா மேகம். அது நம்மை நோக்கி வர வேண்டும், வந்து சேரப் பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். எக்ஸ் சுடர் வெடித்தும் மேகம் வேறு திசையில் போய்விட்டால் புயலே இருக்காது. சுடரே இல்லாமல், சூரியனின் வெளி மண்டலத்தில் விழும் கொரோனா ஓட்டைகளிலிருந்து வரும் வேகக் காற்றாலும் ஜி1, ஜி2 வரும்.

மேகம் வரும் வழியில், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி எல்1 என்ற புள்ளியில் செயற்கைக்கோள்கள் காவல் நிற்கின்றன. நம் ஆதித்யா-எல்1-உம் 2024 ஜனவரியிலிருந்து அங்கேதான் இருக்கிறது. அவற்றைக் கடந்து பூமியைத் தொடக் கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். அந்தத் தகவலில் "பிஇசட்" என்ற கோட்டை மட்டும் பாருங்கள், வரும் காற்றின் காந்தப் புலம் வடக்கு நோக்கியா தெற்கு நோக்கியா என்பதைக் காட்டுவது அது. பூஜ்யத்துக்குக் கீழே போய், மைனஸ் 10-க்குக் கீழ் பல மணி நேரம் தங்கினால் புயல் நிச்சயம். மேலே நின்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது.

புயலில் நடப்பது வேறு. பெரும்பாலும் எஃப் அடுக்கு மெலிந்து, உயர்ந்த அலைவரிசைகளைத் திருப்பி அனுப்ப முடியாமல் விண்வெளிக்கே விட்டுவிடும். அதனால் இப்போது இறங்க வேண்டும்: 21 போனால் 15, அதுவும் போனால் 11, 9. சுடருக்கு ஏறு, புயலுக்கு இறங்கு. இதை மாற்றிச் செய்தால் இரண்டிலும் ஒன்றும் கேட்காது. மீண்டு வர ஒரு நாளிலிருந்து மூன்று நாள் ஆகலாம். புயலின் முதல் சில மணி நேரம் சில சமயம் வழக்கத்தைவிட நன்றாகவே கேட்கும், அதை நம்பி இரவு முழுக்கத் திட்டம் போடாதீர்கள்.

வட அமெரிக்க நிலையங்கள் மேல் ஆசை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. நம் ஊரிலிருந்து அங்கே போகும் குறுக்குவழி வடதுருவத்தை ஒட்டிப் போகிறது. பெரிய வெடிப்புக்குப் பிறகு புரோட்டான்கள் துருவப் பகுதியில் கொட்டும்போது, அதற்கு "எஸ்" அளவு என்று பெயர், அந்த வழி நாள்கணக்கில் அடைபடும். ஆப்பிரிக்காவும் ஆஸ்திரேலியாவும் அதே நேரத்தில் ஜோராகக் கேட்கும். ஒரு திசை மட்டும் செத்திருந்தால் ஏரியலைத் திருப்பும் முன் எஸ் அளவைப் பாருங்கள்.

6. நம் ஊர்க் கதை தனி

ஆங்கிலக் கையேடுகள் பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்காவுக்கு எழுதியவை. நமக்கு அப்படியே பொருந்தாது. காந்த நடுக்கோடு நம் தென் முனையை ஒட்டிப் போகிறது. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதே அதற்காகத்தான். கிருஷ்ணாபுரத்துச் சிற்பங்களைப் பார்க்கப் போகும் பலருக்கு இப்படி ஒன்று அங்கே இருப்பது தெரியாது.

இதனால் நமக்கு நல்லதும் உண்டு. பகலில் நம் தலைக்கு மேல் அயனி மண்டலம் திடமாக இருக்கும், ஐரோப்பாவில் செத்துக் கிடக்கும் உயர் அலைவரிசை இங்கே திறந்திருக்கும். கேபி 5 என்று பார்த்ததும் ரேடியோவை மூட வேண்டாம், போட்டுப் பாருங்கள்.

கெட்டது சூரியன் மறைந்த பிறகு. ஏழு மணியிலிருந்து நள்ளிரவு வரை, குறிப்பாக மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், எஃப் அடுக்கில் பிளாஸ்மா குமிழிகள் எழும்பும். அப்போது குரல் ஓடும் ஃபேன் முன்னால் பேசுவது போல் படபடக்கும். கேபி 1 இருக்கும், சுடர் எதுவும் இருக்காது, எல்லா எண்ணும் பச்சை, ஆனாலும் படபடப்பு. ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைத்து மாற்றியவர் ஒருவரை எனக்குத் தெரியும் (நான் இல்லை, நம்புங்கள்). ஒன்றும் செய்ய வேண்டாம், நள்ளிரவு தாண்டினால் தானாகத் தெளியும்.

அப்புறம், ஐப்பசி கார்த்திகையில் இடி மின்னல் போடும் கரகரப்பு இதில் சேராது. அது விண்வெளி வானிலை இல்லை, வெறும் வானிலை. மேகம் கறுத்தால் ஏரியல் வயரைப் பெட்டியிலிருந்து கழற்றி வெளியே போடுங்கள். இதில் சோம்பல்பட்டால் பிறகு மெக்கானிக் சொல்வது உண்மையாகிவிடும்.

7. காதால் அளக்கும் வழி

எண்களைப் பார்த்தது போதும், வானம் திறந்திருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கலாம். எந்தச் சிற்றலை ரேடியோவிலும் 10 மெகாஹெர்ட்ஸுக்குப் போங்கள். சீனாவின் பிபிஎம் நேரக் குறி விநாடிக்கு ஒரு "டிக்" அடித்துக்கொண்டிருக்கும், பகலில் 15-லும் வரும். இரண்டும் கேட்டால் கிழக்குப் பக்கம் நலம். 10 இல்லாமல் 15 மட்டும் கேட்டால் உறிஞ்சல் கூடியிருக்கிறது. 15 இல்லாமல் 10 மட்டும் கேட்டால் எஃப் அடுக்கு மெலிந்திருக்கிறது, அல்லது 15-ஐ அன்றைக்கு நிறுத்திவிட்டார்கள்.

இன்னும் நுட்பமாக வேண்டுமென்றால் 14.100 மெகாஹெர்ட்ஸ். உலகில் 18 இடங்களில் இருக்கும் குறி நிலையங்கள் முறை வைத்துப் பத்துப் பத்து விநாடி ஒலிபரப்புகின்றன, மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று முடியும். ஒவ்வொன்றும் தன் பெயரை மோர்ஸில் சொல்லிவிட்டு நான்கு நீண்ட ஓசை விடும்: 100 வாட், 10 வாட், 1 வாட், கடைசியில் வெறும் 0.1 வாட். எத்தனை ஓசை கேட்கிறது என்று எண்ணினால் போதும். இலங்கையின் 4எஸ்7பி பத்தாவது, சுற்று தொடங்கி ஒன்றரை நிமிடத்தில் வரும். ஆனால் அது நமக்கு ரொம்பப் பக்கம், அலை தலைக்கு மேல் தாண்டிப் போய்விடும் தூரம். அது கேட்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள். ஜப்பான், ஹாங்காங், மேற்கு ஆஸ்திரேலியா, கென்யா, இஸ்ரேல் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள், எந்தத் திசை திறந்திருக்கிறது என்று மூன்று நிமிடத்தில் தெரிந்துவிடும். எல்லா நிலையங்களும் எப்போதும் இயங்காது, பழுதில் சில நிற்கும்.

இதற்கு உங்கள் ரேடியோவில் எஸ்எஸ்பி வசதி வேண்டும், மோர்ஸ் குறியைக் காதுக்குக் கேட்கும் ஓசையாக்கித் தருவது அதுதான். இல்லாத ரேடியோவில் 14.100 வெறும் மூச்சுக் காற்று மாதிரிதான் கேட்கும். வாங்கும் முன் இதைப் பாருங்கள். கடைக்காரர் "எல்லா பேண்டும் வரும் சார்" என்பார், அதற்கும் எஸ்எஸ்பிக்கும் சம்பந்தமில்லை.

8. எனக்கு ஆன செலவு

எஸ்எஸ்பி உள்ள பழைய ரேடியோ, கைமாறி வாங்கியது, 5,200 ரூபாய். உறை போட்ட செப்புக் கம்பி 15 மீட்டர் 300. கோஆக்ஸ் வயரும் முனைகளும் 450. நோட்டு 40. ஆக, ஆறாயிரத்துக்கு ஒரு பத்து ரூபாய் குறைவு. அதன் மேல் அந்த 750. ஏரியலின் இரு முனைக்கும் இன்சுலேட்டர் வாங்கவில்லை, வீட்டில் கிடந்த பிவிசி குழாயை விரல் நீளத்துக்கு வெட்டி ஓட்டை போட்டேன். மாடிக் கைப்பிடியிலிருந்து வேப்பமரத்துக்குக் கட்டியது இரண்டு மழைக்காலம் தாண்டி நிற்கிறது. கரண்ட் கம்பி போகும் பக்கம் மட்டும் கட்டவே கட்டாதீர்கள், கம்பி அறுந்து விழுந்தாலும் அதன் மேல் படாத தூரம் வேண்டும்.

வெளிநாட்டுத் தளத்தில் புது ரேடியோ வாங்கினால் காட்டும் விலைக்கு மேல் சுங்க வரியும் கூரியர்காரரின் தனிக் கட்டணமும் வரும். அதையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

9. நோட்டும் அறிக்கையும்

ஒரு வரிக்கு: தேதி, யுடிசி நேரம், அலைவரிசை, நிலையம், எப்படிக் கேட்டது, அன்றைய ஃபிளக்ஸ், கேபி, சுடர் ஏதாவது. என் நோட்டில் மே 11-க்கு எதிரே "ஐசி மாற்றியது, ரூ. 750" என்று எழுதி, பிறகு சிவப்பு மையில் "ஜி5" என்று அடித்துத் திருத்தியிருக்கிறேன். சூரியன் நம் பார்வையில் ஏறக்குறைய 27 நாளில் ஒரு சுற்று சுற்றும். கொரோனா ஓட்டையால் வந்த புயல் 27 நாள் கழித்துத் திரும்ப வர வாய்ப்பு உண்டு, நோட்டு இருந்தால் முன்கூட்டியே குறித்துவிடலாம்.

நிகழ்ச்சியைக் கேட்டதற்குச் சான்று அட்டை கேட்டு நிலையங்களுக்கு அறிக்கை எழுதுபவர்கள் சின்போ போடுவார்கள். ஐந்து எண்கள்: ஒலி வலிமை, குறுக்கீடு, இரைச்சல், அலை பரவல், மொத்தம். 5 என்றால் மிக நன்று, 1 என்றால் மோசம். நான்காவதான அலை பரவலுக்குப் பலர் கண்ணை மூடிக்கொண்டு 4 போட்டு வைப்பார்கள். குரல் ஏறி இறங்குவதையும் படபடப்பதையும் அங்கேதான் காட்ட வேண்டும். அன்று கேபி 6 இருந்து நீங்கள் 5 போட்டால் படிக்கிறவர் சிரிப்பார். குறைந்தது கால் மணி நேரமாவது கேட்டு, என்ன பேசினார்கள் என்று நான்கைந்து குறிப்பு எழுதுங்கள். "பாட்டுப் போட்டார்கள்" என்பது சான்றாகாது. நேரத்தை யுடிசியில் எழுத மறந்து திரும்பி வந்த அறிக்கைகள் என்னிடமே மூன்று இருக்கின்றன. மின்னஞ்சலில் ஏற்கும் நிலையமா என்று பார்த்துவிட்டு அனுப்பினால் தபால் செலவு மிச்சம், பதில் அட்டை வர இரண்டு மூன்று மாதம் ஆகும்.

10. பேசவும் ஆசை வந்தால்

கேட்க உரிமம் வேண்டாம். பேச வேண்டும், இல்லாமல் ஒலிபரப்பினால் குற்றம். தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் தளத்தில் ஹாம் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம், 12 வயது நிரம்பியிருக்க வேண்டும். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, வயதுச் சான்று, புகைப்படம், கையெழுத்து, இவ்வளவுதான். நம் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள கண்ணி இனிஷியல்: ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வெறும் எழுத்து. நான் ஒன்றில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி ஏற்றிவிட்டு இரண்டு மாதம் இழந்தேன். எல்லாவற்றிலும் ஒரே பெயர் இருக்கும்படி முதலில் சரிசெய்யுங்கள்.

நான் எடுத்தபோது உரிமக் கட்டணம் 20 ஆண்டுக்கு 1,000 ரூபாய், ஆயுளுக்கு 2,000. வயது குறைவு என்றால் இரண்டாவதுதான் லாபம். விண்ணப்பத்திலிருந்து உரிமம் கைக்கு வர எனக்கு எட்டு மாதம். அதுவரை ஒலிபரப்பும் கருவி எதையும் வெளிநாட்டிலிருந்து தருவிக்காதீர்கள், சுங்கத்தில் உரிமத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.

உரிமத்தின் உயர்ந்த நிலையான ஜெனரலுக்கு மோர்ஸ் தேர்வு உண்டு, நிமிடத்துக்கு 8 சொல் வேகம். காத்திருக்கும் மாதங்களில் 14.100-ஐப் போட்டு வையுங்கள். அங்கே பெயர் சொல்லும் வேகம் 22, முதல் வாரம் எல்லாம் ஒரே கீச்சுச் சத்தமாகத்தான் இருக்கும்.